பொதுச் சுகாதாரத்தில் மேற்படிப்பு: எந்தப் பட்டம் யாருக்கு?

பொதுச் சுகாதாரத்தில் மேற்படிப்பு படிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பட்டியலில்தான் தேடலைத் தொடங்குகிறார்கள். எந்தப் பல்கலைக்கழகம், தரவரிசையில் எத்தனையாவது இடம், சேர என்ன மதிப்பெண் வேண்டும் என்று போகும் அந்தத் தேடலில், எந்த வகைப் பட்டம் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. முதலில் கேட்க வேண்டியதே அதுதான். பொதுச் சுகாதார முதுகலையான எம்.பி.எச்., எபிடெமியாலஜியில் (நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்று ஆராயும் தொற்றுநோயியல்) எம்.எஸ்சி., மருத்துவமனை நிர்வாகத்துக்கான எம்.எச்.ஏ., அதற்கு மேலே முனைவர் பட்டங்களான பிஎச்.டி., டி.ஆர்.பி.எச். (பொதுச் சுகாதார முனைவர்) என்று வரிசையாக இருக்கின்றன. பெயர்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாகத் தெரிந்தாலும், படித்து முடித்த பிறகு செய்யும் வேலை ஒன்றல்ல.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்ன வேலை செய்யப் போகிறோம் என்பதில் தெளிவு இருந்தால், அந்த வேலைக்குரிய பட்டத்தை எடுங்கள். தெளிவு இல்லாவிட்டால், எபிடெமியாலஜியும் புள்ளியியலும் கனமாக உள்ள பட்டத்தை எடுங்கள். திட்டத்தை நடத்துவது, விழிப்புணர்வுப் பணி, நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவது எல்லாம் வேலையில் சேர்ந்தபின் மூத்தவர்களைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். ஓர் எண்ணை நம்பலாமா கூடாதா என்று சோதிக்கும் பயிற்சி அப்படி வந்து சேராது. அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட வைக்கும் ஆசிரியர் வேண்டும்.

ஒரு காலரா, ஐந்து வேலைகள்

இந்தத் துறைக்குள் என்னென்ன வேலைகள் உண்டு என்று புரிந்துகொள்ள, 1854இல் லண்டனில் பரவிய காலராவைத்தான் நான் எப்போதும் காட்டுவேன். பிராட் தெருவில் காலராவைப் பரப்பிய அடிகுழாயின் கைப்பிடியைக் கழற்றிய கதை பலருக்குத் தெரியும். அந்தக் குழாயைச் சந்தேகித்த மருத்துவர் ஜான் ஸ்னோ செய்த இன்னும் பெரிய வேலை தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் நடந்தது. அங்கே இரண்டு நிறுவனங்கள் ஒரே தெருக்களில் குழாய் பதித்துத் தண்ணீர் விற்றுவந்தன. லாம்பெத் நிறுவனம் 1852இல் தண்ணீர் எடுக்கும் இடத்தை, நகரக் கழிவு கலக்காத ஆற்றின் மேற்பகுதிக்கு மாற்றிவிட்டது. சதர்க் அண்ட் வாக்ஸ்ஹால் நிறுவனம் கழிவு கலந்த இடத்திலேயே எடுத்துக்கொண்டிருந்தது. அடுத்தடுத்த வீடுகள், ஒரே மாதிரி வருமானம், ஒரே காற்று; தண்ணீர் மட்டும் வேறு.

காலராவால் இறந்தவர்களின் முகவரிகள் பதிவாளர் அலுவலகத்தில் இருந்த வில்லியம் ஃபாரிடமிருந்து ஸ்னோவுக்குக் கிடைத்தன. அவற்றை வைத்துக்கொண்டு ஸ்னோ வீடு வீடாகப் போனார். யாருடைய தண்ணீர் வருகிறது என்று குடியிருப்பவர்களுக்கே தெரியாத வீடுகளில், ஒரு குப்பியில் தண்ணீர் பிடித்து, அதில் சில்வர் நைட்ரேட் சேர்த்துப் பார்த்தார். உப்பு அதிகமுள்ள சதர்க் தண்ணீர் வெள்ளையாகத் திரண்டது. லாம்பெத் தண்ணீர் லேசாகக் கலங்கியதோடு சரி. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது, 10,000 வீடுகளுக்கு சதர்க் பக்கம் 315 இறப்புகள், லாம்பெத் பக்கம் 37.

பிராட் தெருவில் ஹென்றி வொய்ட்ஹெட் என்ற பாதிரியார் இருந்தார். ஸ்னோ சொன்னதை முதலில் நம்பாதவர். அங்கே இருந்த குடும்பங்களை அவருக்கு நன்றாகத் தெரியும் என்பதால், திரும்பத் திரும்பப் போய் விசாரித்தார். 40ஆம் எண் வீட்டில் நோயுற்ற கைக்குழந்தையின் துணிகளை அலசிய நீர், கிணற்றை ஒட்டிய கழிவுக்குழியில் கொட்டப்பட்டது என்பதை அவர்தான் கண்டுபிடித்தார். குழாயின் கைப்பிடியைக் கழற்ற உத்தரவிட்டது உள்ளூர் நிர்வாகக் குழு.

இறப்புகளைப் பதிந்து எண்ணிய ஃபார் செய்தது இன்றைக்கு பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ், அதாவது உடல்நலத் தரவுக்கான புள்ளியியல். ஒப்பிட்டுக் காரணத்தைத் தேடிய ஸ்னோவின் வேலை எபிடெமியாலஜி. மக்களின் நம்பிக்கையைப் பெற்று விசாரித்த பாதிரியாரின் வேலை சமூக, நடத்தை அறிவியல். கிணறும் கழிவுக்குழியும் சுற்றுச்சூழல் சுகாதாரம். உத்தரவு போட்டவர்கள் கொள்கை, நிர்வாகம். அமெரிக்காவின் பொதுச் சுகாதாரப் பள்ளிகள் (பல்கலைக்கழகங்களுக்குள் இருக்கும் கல்லூரிகளை அப்படித்தான் அழைக்கிறார்கள்) நெடுங்காலம் எம்.பி.எச். படிப்பின் அடிப்படைப் பாடங்களாக வைத்திருந்த ஐந்தும் இவைதான். இந்தக் கதையில் எந்த இடத்தில் நிற்க உங்களுக்கு ஆசை என்று யோசித்துப் பாருங்கள். விண்ணப்பிக்கும் முன் இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருந்தால், கீழே சொல்லப்போகும் பாதிக் குழப்பம் இருக்காது.

எம்.பி.எச்.சா, எம்.எஸ்சி.யா?

எம்.பி.எச். என்பது தொழிலுக்கான பட்டம். ஐந்து துறைகளிலும் கொஞ்சம் கொஞ்சம், ஒன்றில் மட்டும் கூடுதலாக, அப்புறம் ஒரு களப்பயிற்சி, முடிவில் ஒரு திட்ட அறிக்கை என்று அதன் அமைப்பு இருக்கும். அமெரிக்காவில் சிஇபிஎச் என்ற அங்கீகார அமைப்பு இதற்குக் குறைந்தது 42 செமஸ்டர் கிரெடிட் வேண்டும் என்கிறது. அதன் 2016 விதிகள், மாணவர் பெற்றிருக்க வேண்டிய 22 அடிப்படைத் திறன்களைப் பட்டியலிட்டன. அங்கே பொதுவாக இரண்டு ஆண்டு. பிரிட்டனில் முழுநேரமாகப் படித்தால் ஓர் ஆண்டில் முடியும்.

எம்.எஸ்சி. ஆய்வை நோக்கிய பட்டம். எபிடெமியாலஜி என்றால் அதிலேயே மூழ்க வேண்டும். ஆய்வை வடிவமைப்பது, பிழைகள் எந்த வழியில் நுழைகின்றன என்று பார்ப்பது, தரவை ஆர் அல்லது ஸ்டேட்டா மென்பொருளில் அலசுவது, இறுதியில் ஒரு ஆய்வேடு. நிர்வாகம், நிதி, சட்டம் போன்றவை அதில் ஒப்புக்குத்தான் இருக்கும், பல இடங்களில் அதுவும் இருக்காது.

ஆனால் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்துவிடக் கூடாது. எம்.எஸ்சி. என்ற பெயரிலேயே பொதுச் சுகாதாரம் முழுவதையும் பரவலாகக் கற்பிக்கும் இடங்கள் உண்டு. லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராபிக்கல் மெடிசினில் இரண்டு மாதிரியும் இருக்கிறது. எம்.பி.எச். என்ற பெயரில் புள்ளியியலைக் கசக்கிப் பிழியும் இடங்களும் உண்டு. எனவே பாடத்திட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒன்றைப் பாருங்கள்: அறிமுகப் பாடத்தைத் தாண்டி புள்ளியியலில் எத்தனை பாடங்கள் இருக்கின்றன? ஒன்றே ஒன்று என்றால், அந்தப் பட்டம் உங்களை அடுத்தவர் செய்த பகுப்பாய்வை வாசிப்பவராக ஆக்கும். பகுப்பாய்வை நீங்களே செய்ய மூன்று நான்கு பாடங்களாவது தேவை.

இதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், முறை தெரியாதவரின் நல்லெண்ணமும் தீங்கு செய்யும். ஒரு நோய் 1,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கண்டுபிடிக்க ஒரு பரிசோதனை. நோய் உள்ளவரையும் 99 சதவீதம் சரியாகச் சொல்லும், இல்லாதவரையும் 99 சதவீதம் சரியாகச் சொல்லும். கேட்க அருமையாக இருக்கிறது. 10,000 பேரைப் பரிசோதித்தால் உண்மையில் நோயுள்ள 10 பேர் கிட்டத்தட்ட அனைவரும் பிடிபடுவார்கள். நோயில்லாத 9,990 பேரில் ஒரு சதவீதம், அதாவது சுமார் 100 பேருக்கும் நோய் இருப்பதாக முடிவு வரும். ஆக, நோய் இருப்பதாகச் சொல்லப்பட்ட 110 பேரில் 100 பேர் ஆரோக்கியமானவர்கள். அவர்கள் வீட்டில் அன்றிரவு யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள். ஊர் முழுக்கப் பரிசோதனை நடத்தலாம் என்று ஆர்வத்தோடு கூட்டத்தில் பேசுபவருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். இதைக் கண நேரத்தில் மனதில் போட்டுப் பார்க்கும் பழக்கம்தான் நல்ல எபிடெமியாலஜிப் படிப்பு தருவது.

சரி, எபிடெமியாலஜிக்கும் பயோஸ்டாட்டிஸ்டிக்ஸுக்கும் நடுவில் தடுமாறினால்? கணிதம் உங்களுக்கு இயல்பாக வருமானால், கால்குலஸும் மேட்ரிக்ஸ் கணிதமும் ஏற்கெனவே படித்திருந்தால், இரண்டாவதை எடுங்கள். மருந்துச் சோதனைகள் முதல் மரபணு ஆய்வு வரை எங்கும் அதற்கு இடம் உண்டு. இந்தத் துறைக்குள் எளிதாக வேலை கிடைக்கும் திறன் அதுதான் என்று நினைக்கிறேன். நோய் ஏன் இங்கே வந்தது, ஏன் இவர்களுக்கு வந்தது என்ற கேள்வி உங்களை விடாமல் துரத்துகிறது என்றால் எபிடெமியாலஜி.

அந்த வேலையின் அன்றாடம் எப்படி இருக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு வாருங்கள். நோய்ப் பரவல் என்றதும் பாதுகாப்பு உடையோடு கிராமத்துக்குள் இறங்கும் காட்சி மனதில் வரும். பெரும்பாலான நாட்கள் ஒரு நோயாளர் பட்டியலோடுதான் கழியும். அதில் ஒருவரின் வயது 340 என்று இருக்கும். இன்னொருவருக்கு அறிகுறி தொடங்கிய தேதி, அவர் மருத்துவமனையில் சேர்ந்த தேதிக்குப் பின்னால் இருக்கும். 03-04 என்பது மார்ச் 4ஆ, ஏப்ரல் 3ஆ என்று யாருக்கும் தெரியாது. ஒரே ஆள் இரண்டு எழுத்துக்கூட்டலில் இரண்டு நோயாளியாக நிற்பார். தொலைபேசியில் ஒவ்வொரு சுகாதார நிலையமாகக் கூப்பிட்டு, வரிவரியாகச் சரிசெய்த பிறகுதான் வரைபடமே போட முடியும். இதைப் படிக்கும்போது சலிப்பு வந்தால், எபிடெமியாலஜி உங்களுக்கு வேண்டாம். அந்த 340 என்ன எண்ணாக இருந்திருக்கும் என்று கை துறுதுறுக்கிறது என்றால், தயங்காமல் வாருங்கள்.

மற்ற பிரிவுகளில், சுற்றுச்சூழல் சுகாதாரத்துக்கு வேதியியல், பொறியியல் பின்னணி உள்ளவர்கள் வந்தால் சிறப்பு. காற்று மாசு, ஈயம், பூச்சிக்கொல்லி, வெப்ப அலை என்று இந்தப் பிரிவின் வேலை கூடிக்கொண்டேதான் போகிறது. திறமையானவர்கள் அங்கே போதாது. கொள்கைப் பிரிவை எடுப்பவர்கள் பொருளாதாரப் பாடங்களை விட்டுவிடக் கூடாது. சுகாதாரக் கல்விப் பிரிவுக்கு மக்களோடு பழகும் பொறுமை முதல் தகுதி. போலியோ சொட்டு மருந்தை மறுத்த குடும்பங்களிடம் வாசலில் நின்று பேசியவர்கள் இல்லாமல் போலியோ ஒழிப்புத் திட்டம் நடந்திருக்காது.

எம்.எச்.ஏ. பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது மருத்துவமனையை நடத்துவதற்கான படிப்பு: வரவு செலவு, ஆள் நிர்வாகம், தரக் கட்டுப்பாடு, காப்பீடு. அதை விரும்புகிறவர்களுக்கு நல்ல படிப்பு. மக்கள்தொகை முழுவதன் நலனை நினைத்து வருபவர்கள் தவறிப் போய் அதில் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இங்கே குறிப்பிடுகிறேன்.

இப்போதே படிப்பதா, வேலை பார்த்துவிட்டா?

பட்டப்படிப்பு முடித்த கையோடு எம்.பி.எச். சேர்வதைவிட, இரண்டு மூன்று ஆண்டுகள் ஏதாவது களத்தில் இருந்துவிட்டு வருவது நல்லது என்பது என் உறுதியான எண்ணம். தடுப்பூசித் திட்டத்திலோ, ஆய்வு ஒன்றின் தரவு சேகரிப்பிலோ, தொண்டு நிறுவனத்திலோ வேலை பார்த்தவருக்கு வகுப்பில் கேட்கும் ஒவ்வொரு பாடமும் ஒரு நினைவோடு ஒட்டிக்கொள்ளும். மாதிரி எடுப்பதில் வரும் சாய்வு பற்றி ஆசிரியர் சொல்லும்போது, பூட்டிக் கிடந்ததால் தாண்டிப் போன வீடுகள் அவருக்கு ஞாபகம் வரும். நேராக வந்தவருக்கு அது தேர்வுக்கான ஒரு வரையறை மட்டுமே.

பணக் கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. எம்.பி.எச். பெரும்பாலும் சொந்தச் செலவில் படிக்கும் படிப்பு. முழு உதவித்தொகை அரிது. இருக்கும் சில உதவித்தொகைகளும் அனுபவத்தைக் கேட்கின்றன. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்குக் குறைந்தது 2 ஆண்டு பணி அனுபவம் வேண்டும். படிப்பு முடிந்ததும் 2 ஆண்டுக்குச் சொந்த நாடு திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. கடன் வாங்கிப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அரசிலும் தொண்டு நிறுவனங்களிலும் ஆரம்பச் சம்பளம், மருந்து நிறுவனங்களிலும் ஆலோசனை நிறுவனங்களிலும் கிடைப்பதைவிடக் குறைவாக இருக்கும். பெரிய கடன் இருந்தால், மனதுக்குப் பிடித்த வேலையை எடுக்க முடியாமல் அந்தக் கடனே உங்களுக்காக முடிவெடுத்துவிடும். இதனாலேயே, தரவரிசையில் முதல் பத்தில் உள்ள பள்ளியில் கடனோடு சேர்வதைவிட, நாற்பதாவது இடத்தில் உள்ள பள்ளியில் கட்டணச் சலுகையோடு சேரச் சொல்வேன்.

ஏற்கெனவே அரசு சுகாதாரத் துறையில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. பலர் இதைக் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1951இல், அலெக்சாண்டர் லாங்முயரின் முயற்சியில், களத்தில் வேலை செய்தபடியே நோய்ப் புலனாய்வு கற்கும் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அந்த மாதிரியில் களத் தொற்றுநோயியல் பயிற்சித் திட்டங்கள் பின்னர் உலகெங்கும் வந்தன. வட அமெரிக்காவுக்கு வெளியே முதலாவது 1980இல் தாய்லாந்தில். இதில் மூன்று மாத அடிப்படை நிலை, ஒன்பது மாத இடைநிலை, இரண்டு ஆண்டு மேல்நிலை என்று படிகள் உண்டு. பெரும்பாலான நேரம் வகுப்பில் அல்ல, உண்மையான நோய்ப் பரவல்களில் கழியும். வேலையை விடாமல், கடன் இல்லாமல் கற்க முடியும். துறைக்குள் இருப்பவருக்கு, தூர தேசத்தில் ஒரு சாதாரண எம்.பி.எச். படிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மருத்துவர்கள் கணக்கு கொஞ்சம் வேறு. ஒரு மருத்துவருக்கு எம்.பி.எச். கூடுதல் திறனாக அமைகிறது. ஓராண்டுப் படிப்பே பெரும்பாலும் போதும். மருத்துவர் அல்லாதவருக்கு அதுவே அடையாளம். எனவே செவிலியர், பொறியாளர், சமூகப்பணி, புள்ளியியல் என்று எந்தப் பின்னணியில் வந்தாலும், இரண்டு ஆண்டு எடுத்து ஏதாவது ஒன்றில் ஆழமான திறனோடு வெளியே வர வேண்டும். இந்தத் துறை மருத்துவர்களுக்கு மட்டுமானது என்று நினைத்து ஒதுங்கிவிடாதீர்கள். வில்லியம் ஃபாரை இன்றுவரை நாம் நினைவில் வைத்திருப்பது எண்களோடு அவர் செய்த வேலைக்காகத்தான்.

முனைவர் பட்டம்

பிஎச்.டி.யும் டி.ஆர்.பி.எச்.சும் ஒரே உயரம். போகும் திசைதான் வேறு. புதிய அறிவை உருவாக்கி, பல்கலைக்கழகத்திலோ ஆய்வு நிறுவனத்திலோ இருக்க விரும்பினால் பிஎச்.டி. ஒரு சுகாதாரத் துறையையோ பெரிய நிறுவனத்தையோ வழிநடத்த விரும்பினால் டி.ஆர்.பி.எச். முதலாவதில் பல இடங்களில் கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் கிடைக்கும். இரண்டாவதைப் பெரும்பாலும் வேலையில் இருந்தபடியே, சொந்தச் செலவில் படிக்கிறார்கள். ஆய்வுதான் வேண்டும் என்று ஏற்கெனவே முடிவு செய்தவர்கள், எம்.பி.எச்.சுக்குச் செலவழிக்காமல் எம்.எஸ்சி. வழியாகவோ நேரடியாகவோ பிஎச்.டி.க்குப் போக முடியுமா என்று விசாரிப்பது நல்லது.

வகுப்பறையா, இணையமா?

வேலையும் குடும்பமும் இருப்பவர்களுக்கு இணையவழிப் படிப்பு உண்மையான வரம். பாடங்களைப் பொறுத்தவரை பெரிய குறையில்லை. புள்ளியியல் விரிவுரையை நிறுத்தி நிறுத்தி மூன்று முறை கேட்கும் வசதி வகுப்பறையில் இல்லை. குறை இருப்பது ஆட்களில். முதல் வேலை பெரும்பாலும் ஒரு பேராசிரியரின் ஆய்வில் உதவியாளராக இருந்ததிலிருந்தோ, களப்பயிற்சியில் பார்த்த மேலாளரிடமிருந்தோ வரும். இணையத்தில் படிப்பவர் அந்த உறவுகளைத் தானாக முயன்று தேட வேண்டும். துறையில் ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கு அது பிரச்சினை இல்லை. துறைக்குள் புதிதாக நுழைபவருக்குப் பெரிய இழப்பு. புதியவர்கள் முடிந்தவரை நேரில் படியுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், சேர்க்கை அலுவலகத்திடம் களப்பயிற்சி பற்றித் துருவிக் கேளுங்கள். சென்ற ஆண்டு மாணவர்கள் எங்கெங்கே போனார்கள், இடத்தைப் பள்ளி ஏற்பாடு செய்ததா, மாணவரே தேடினாரா, முடிவில் அவர்கள் கையில் என்ன இருந்தது? ‘எங்கள் மாணவர்கள் உலகெங்கும் பயிற்சி பெறுகிறார்கள்’ என்பது பதில் ஆகாது. ஒரு மாவட்டத்தின் காசநோய்த் தரவை அலசி அறிக்கை கொடுத்தார், ஒரு நகராட்சிக்கு வெப்ப அலைத் திட்டம் எழுதினார் என்று சொல்ல முடிகிற பள்ளிதான் வேண்டும். அண்மையில் படித்து முடித்த இருவரையாவது தேடிப் பேசுங்கள்; பள்ளி தானே காட்டுகிற ஆட்களாக அவர்கள் இல்லாமல் இருந்தால் நல்லது.

விண்ணப்பத்தில் ஜி.ஆர்.இ. என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைப் பல அமெரிக்கப் பள்ளிகள் இப்போது கேட்பதில்லை. அதனால், ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று நீங்கள் எழுதும் நோக்க அறிக்கையின் எடை கூடியிருக்கிறது. சிறு வயதிலிருந்தே மக்களுக்குச் சேவை செய்ய ஆசை என்று ஆரம்பிக்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு பிரச்சினையை எடுங்கள். அதில் உங்களுக்கு விளங்காதது என்ன, அதை விளங்கிக்கொள்ள எந்தத் திறன் இல்லை, இந்தப் பள்ளியின் எந்தப் பாடமோ ஆசிரியரோ அதைத் தர முடியும் என்று எழுதினால் ஒன்றரைப் பக்கம் போதும். பரிந்துரைக் கடிதங்களுக்கு, பெரிய பதவியில் இருப்பவரைவிட உங்களோடு தினமும் வேலை பார்த்த மேலாளரைக் கேளுங்கள். கடைசித் தேதிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே, உங்கள் நோக்க அறிக்கையின் நகலையும் கையில் கொடுத்துக் கேளுங்கள்.